மகளின் முகவரியை முழுதாக எழுதினேன்

1

என் மகள் எனக்குத் தந்திருக்கும் முகவரியில் தெருப் பெயர் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. முதலில் அவள் தனக்கு வைத்துக்கொண்ட ஒரு பெயர், அதற்குப் பிறகு மின்னஞ்சலில் வருவது போன்ற அந்தச் சுழி, அதற்குப் பிறகு ஒரு சர்வரின் பெயர். அவ்வளவுதான். இதை வைத்து அவளுக்கு எழுதலாம். அவள் வீட்டுக்குப் போக முடியாது.

வருகிற செவ்வாய்க்கிழமையோடு பொலிஸிலிருந்து அந்தத் தொலைபேசி அழைப்பு வந்து ஒரு வருடம். ஊரில் என்னை அறிந்த பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். தர்ஷினி படிக்கிறாள், பரீட்சை நேரம், அதனால்தான் யாரோடும் பேசுவதில்லை என்று சொல்லி வந்தேன். பசறையில் என்னோடு படிப்பித்தவர்கள், பதுளையில் என் தம்பியின் கடைக்கு வந்து விசாரிக்கிறவர்கள், ஹல்துமுல்லையில் என் கணவரின் உறவுக்காரர்கள், எல்லோருக்கும் அதே வாக்கியம். அது பொய். இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்து இருபத்தாறு வருடங்கள். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். கணவர் ரொட்டித் தொழிற்சாலையில். தர்ஷினி ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள இன்னொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். போன குளிர்காலத்தில் ஒன்பது நாட்கள் அவளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. மூன்றாம் நாள் நேரில் போனோம். விடுதி அறையைத் திறந்தது வேறொரு பெண். தர்ஷினி இரண்டு மாதத்துக்கு முன்பே அறையைக் காலி செய்துவிட்டாள், படிப்பையும் நிறுத்திவிட்டாள் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். எங்களுக்குத் தெரியாது என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் நான்கு பக்கப் படிவம் தந்தார்கள். அதில் ஓரிடத்தில் ‘விசேட அடையாளங்கள்’ என்று ஜேர்மன் மொழியில் கேட்டிருந்தது. இரண்டு சொல்லும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசித்து, என் மகளிடம் என்ன விசேடம் என்று கேட்கிறார்கள் என நினைத்தேன். ‘கணக்கில் கெட்டிக்காரி. வயலின் வாசிப்பாள். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள்’ என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி அதை முழுதாக வாசித்தார். சிரிக்கவில்லை. மெல்ல ஒரு கோடு கிழித்துவிட்டு, “தழும்பு, மச்சம் ஏதாவது?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பெற்ற பிள்ளையின் உடம்பில் எங்கே மச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் வேலையிடத்துக்கு அழைப்பு வந்தது. உங்கள் மகள் உயிரோடு, பத்திரமாக இருக்கிறார். அவர் வயது வந்தவர். இருக்குமிடத்தை உங்களுக்குச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே கோப்பை மூடுகிறோம். நான் இரண்டு தடவை நன்றி சொன்னேன். பிறகு இயந்திரத்திலிருந்து போர்வைகளை எடுத்து மடித்தேன். அன்றைக்கு எத்தனை போர்வை வந்ததோ அத்தனையையும் மடித்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் பெரும்பாலும் அப்படித்தான்.

2

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜேர்மன் மொழியில், ஆறு வரி. முதல் வரியே வாட்ஸ்அப் வேண்டாம் என்பதுதான்.

காரணம் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அவள் கடைசியாக எப்போது வந்தாள் என்று காட்டும். வேலை இடைவேளைகளில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அனுப்பியதில் நீலக் கோடு விழுந்துவிட்டால் பதில் வரும்வரை ஒரு வேலையும் ஓடாது. “வாசிச்சிட்டு ஏன் பதில் போடல?” என்று கேட்பேன். “காலைல பத்து மணிக்குத்தான் எழும்பினியா?” என்று கேட்பேன். அது விசாரிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கு அது காவலாக இருந்திருக்கிறது.

அடுத்த வரியில் இந்த முகவரியைத் தந்து, இதில் அப்படி எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தாள்: நான் இருக்கிறேனா இல்லையா என்று காட்டாது. வாசித்தேனா இல்லையா என்றும் காட்டாது. அதனால்தான் இதைத் தருகிறேன். எழுதுங்கள். முடியும்போது பதில் போடுவேன். தேடி வர வேண்டாம், சத்தியம் செய்யுங்கள்.

சத்தியம் என்ற சொல்லை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். செய்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு, அந்த முகவரி இருக்கும் இந்த வலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் இருக்கும் சமூக ஊடகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கம்பனிக்குச் சொந்தம். இது அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான சிறு சர்வர்கள். ஒன்றை ஒரு நூலகர் நடத்துவார், இன்னொன்றை நாலு நண்பர்கள் சேர்ந்து நடத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் சட்டதிட்டம். எதில் சேர்ந்தாலும் மற்றதில் இருப்பவர்களுக்கு எழுதலாம். அதனால்தான் பெயரோடு சர்வரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் ஒவ்வொரு சர்வரிலும் ஒருவர் இருக்கலாம்.

இது எனக்கு உடனே விளங்கியது. என் கணவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள விரும்பவில்லை.

“நான் அவ அப்பன். பேர் குடுத்து, பர்மிஷன் வாங்கி, வரிசைல நின்னு பாக்கணுமா?” என்றார். சேரவில்லை. ஆனால் நான் போனை எடுக்கும்போதெல்லாம், “என்ன போட்டிருக்கா?” என்று கேட்பார்.

3

சேர்வது சுலபமாக இருக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த சர்வரில் ‘ஏன் எங்களோடு சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு பெட்டி. இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இதே மாதிரிப் பெட்டிகளை நிரப்பி வருகிறேன். உண்மையை எழுதினேன்: என் மகளைப் பார்க்க. அடுத்த நாள் அந்த சர்வரை நடத்துகிறவர்களில் ஒருவர் பதில் எழுதினார். மன்னிக்கவும், இதைக் கேட்க வேண்டியிருக்கிறது, நீங்கள் பார்ப்பது உங்கள் மகளுக்குத் தெரியுமா?

முகவரியைத் தந்ததே அவள்தான் என்று எழுதினேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது. அந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல கேள்வி என்று மட்டும் தோன்றியது.

அடுத்தது எந்த ஆப் என்பது. இந்த வலைக்கு ஒரே ஆப் கிடையாது. யார் யாரோ எழுதிய பல ஆப்கள். ஒரே கணக்கை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். இதில் எனக்கு உதவியவன் தம்பி குமார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுக்கும், போன் திருத்தும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறான். நடந்தது முழுதும் தெரிந்தவன் ஊரில் அவன் ஒருவன்தான். எனக்குக் காட்டித்தருவதற்காகவே அவனும் என் சர்வரில் ஒரு கணக்குத் திறந்தான்.

முதலில் போட்டதில் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் மேலே வெட்டுப்பட்டுத் தெரிந்தன. இரண்டாவது படங்களை மட்டும் பெரிதாகக் காட்டி எழுத்தை ஒளித்தது. மூன்றாவதில் எழுத்து பெரிது, தனிச் செய்திகள் ஒரு பக்கமாக, வாட்ஸ்அப் போலவே கட்டம் கட்டமாக வரும்.

“இதுதான்டா எனக்குச் சரி” என்றேன்.

“அக்கா, புடவக் கடைல பாக்குற மாதிரி ஆப் பாக்குறீங்க” என்றான் குமார். “மொதல்ல போட்டதே நல்லது. யாருக்குப் போகுதுன்னு மேலயே எழுதிக் காட்டும். இது பாக்க வாட்ஸ்அப் மாதிரி இருக்கு, ஆனா வாட்ஸ்அப் இல்ல.”

“எழுத்து தெரியாட்டி யாருக்குப் போனா என்ன?”

“சரி, கட்டிக்கப் போறவுங்க நீங்க” என்றான்.

அவனோடும் அதிலேயே பேசத் தொடங்கினேன். அவனுடைய வாட்ஸ்அப் எப்போதும் கடை மேசையில் உள்ள கணினியில் திறந்திருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று ஆட்கள் அதற்குத்தான் அனுப்பிப் பிரதி எடுப்பார்கள். நான் எழுதினால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் வாசிப்பார்கள். தர்ஷினியைப் பற்றி அங்கே எழுத முடியுமா?

4

ஒரு வருடமாக நான் இப்படித்தான் மகளைத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று வரி பதில். மற்றபடி, அவள் எல்லோருக்குமாகப் போடுவதைப் பார்ப்பேன். செடி, படிக்கட்டில் ஒரு பூனை, சில சமயம் சாப்பாட்டுத் தட்டு. சாப்பாட்டுப் படத்தை மட்டும் நேராகப் பார்க்க முடியாது. மேலே ஒரு மூடி போல ‘உணவு’ என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டால்தான் படம் திறக்கும்.

“சோத்துக்கு எதுக்குடா மூடி?” என்று குமாரிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்து வாசித்தேன். சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டமாக இருக்கும் நோய் உள்ளவர்களுக்காக அப்படி மூடி வைப்பது அங்கே வழக்கமாம். தங்களுக்கே அந்த நோய் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் மறக்காமல் மூடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் தட்டோடு தன் அறைக்குப் போனது, நான் கதவைத் தட்டி ‘சாப்பிட்டியா’ என்று கேட்டது, எல்லாம் அப்போதுதான் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கணவரிடம் சொல்லவில்லை. பூனைப் படம் போட்டிருக்கிறாள் என்றேன்.

படங்களுக்குக் கீழே இன்னொரு வசதி உண்டு. பார்வையில்லாதவர்களுக்காக, படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கலாம். தர்ஷினி ஒவ்வொரு படத்துக்கும் எழுதுவாள். மூன்று வரி பதில் போடுகிறவள் அங்கே எட்டு வரி எழுதுவாள். நான் அதைத் தேடித் தேடி வாசிப்பேன். ஒருநாள் ஜன்னல் வழியாக எடுத்த மழைப் படம். படத்தில் ஒன்றும் தெளிவில்லை. விவரிப்பில் இப்படி எழுதியிருந்தாள்: ‘மழை. கீழே ஆறாம் இலக்க ட்ராம் வளைந்து திரும்புகிறது. வலப்பக்கம் சிவப்புச் செங்கல் தண்ணீர்க் கோபுரம்.’

அந்தக் கோபுரத்தை அவளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போனபோது பார்த்திருக்கிறேன், அவள் படித்த அதே நகரம்தான். ஆறாம் இலக்க ட்ராமின் வரைபடத்தை எடுத்தேன். செங்கல் கோபுரத்துக்குப் பக்கத்தில் வளைவு ஒன்றுதான் இருந்தது. கண் தெரியாதவர்களுக்காக அவள் எழுதியதை வைத்து அவளைக் கண்டுபிடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வழக்கம்போல வேலைக்குப் போகிற நேரத்துக்கே வீட்டிலிருந்து கிளம்பினேன். ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை. அதன் வாசலில் நாலு மணி வரை நின்றேன். வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் போனேன். கூப்பிடவில்லை. ட்ராம் அவளை ஏற்றிக்கொண்டு போனது. நான் ரயிலேறி வந்து இரவுச் சாப்பாடு சமைத்தேன்.

5

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு முகவரி கிடையாது என்பது நம்மவர்களுக்குத் தெரியும். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே நாலு ராஜேஸ்வரியும் மூன்று சாந்தியும் இருப்பார்கள். பெயரோடு டிவிசன், லய இலக்கம், தோட்டம் எல்லாம் எழுதாவிட்டால் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வேறு யாருடைய கையிலோ போய்ச் சேரும். எனக்கு ஆசிரிய நியமனக் கடிதம் வந்தபோது, என் பெயர்க்காரியான மேல் டிவிசன் சாந்தியின் வீட்டில் பதினொரு நாள் கிடந்தது. அவர்களும் பாவம், வாசிக்கத் தெரியாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும் முழுதாக எழுதுவேன். வீட்டுக்காரர்களுக்கு எழுதும்போதும் அப்படித்தான். கை தானாகப் போகும்.

எங்கள் குடும்பத்திலும் இரண்டு தர்ஷினி. கணவரின் அண்ணன் மகளும் தர்ஷினிதான், ஹல்துமுல்லையில் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை குமாருக்குத் தனிச் செய்தியில் இப்படி எழுதினேன். ‘தம்பி, ஹல்துமுல்லை தர்ஷினி இல்ல, எங்க தர்ஷினி’ என்று தொடங்கி, குழப்பம் வேண்டாம் என்று அவளுடைய முகவரியை மின்னஞ்சலிலிருந்து எடுத்து, சுழியும் சர்வரும் சேர்த்து அப்படியே போட்டேன். பிறகு: ‘மச்சான்கிட்ட சொல்லாத. நேத்து போய் பாத்துட்டு வந்தேன். மருந்துக்கட வாசல்ல ஒளிஞ்சி நின்னேன். மெலிஞ்சிட்டா. கூப்பிடல. அவ காணாமப் போன ஒன்பது நாளும் எனக்கு தேடுற வேல இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. அந்த ஒன்பது நாளே பரவால்லன்னு சில நேரம் தோணுது.’

பத்து நிமிடத்தில் குமார் அழைத்தான். கடையில் போட்டோகொப்பி இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“அக்கா, தர்ஷியோட அட்ரஸ நீங்க கையால போட்டீங்களா?”

“ஆமா. ஏன்?”

“முழுசாவா?”

“முழுசாத்தான்டா. இல்லாட்டி எந்த தர்ஷினின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

யாரோ இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டார்கள். “பொறுங்கண்ணே” என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். “இதுல யாரோட முழு அட்ரஸ போட்டாலும் அவுங்களுக்கும் போயிரும் அக்கா. உள்ளுக்குள்ள பேர் இருந்தாலே போதும். நீங்க எனக்கு எழுதல. எங்க ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கீங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அழிச்சிருங்க” என்றான். “இப்பவே. அவ பாத்திருக்க மாட்டா.”

“அழிச்சா அங்கயும் அழியுமா?”

“அழியும்னுதான் சொல்றாங்க. அவ இருக்குறது வேற சர்வர். இங்கருந்து சொல்லிவிடும், அது கேக்கணும். பெரும்பாலும் கேக்கும். ஆனா அவ போன்ல நோட்டிபிகேஷனா மேல வந்து நின்னுருந்தா, அத ஒண்ணும் செய்ய ஏலாது.”

“பாத்தாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது அக்கா” என்றான் குமார். “அதுதானே இதோட விசேஷம்.”

அழிக்கும் பொத்தான் சிவப்பு. விரலை அதற்கு மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். வாட்ஸ்அப்பாக இருந்தால் நீலக் கோடு வந்ததா என்று பார்த்துவிட்டு முடிவெடுத்திருப்பேன். அவள் வாசிக்காமல் நான் அழித்தால் எல்லாம் பழையபடி இருக்கும். அவள் வாசித்த பிறகு அழித்தால், ஒளிந்து நின்றவள் ஒளித்தும் வைத்தாள் என்றாகும். இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அவள் நினைத்தால் ஒரு தொடுகையில் என்னைத் தடுத்துவிடலாம். அதற்குப் பிறகு செடியும் இல்லை, பூனையும் இல்லை, மழையும் இல்லை. அவளிடம் போக எனக்கு இருக்கும் ஒரே வழி இதுதான்.

அழிக்கவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். கீழே இன்னொரு வரி சேர்த்தேன். ‘தர்ஷி, இது மாமாவுக்கு எழுதினது. தவறி உனக்கும் வந்துட்டுது. அழிக்கல. எல்லாம் உண்மை. சத்தியத்த மீறினதும் உண்மை.’

6

ஆறு நாட்கள். சலவைக்கு வந்ததைச் சலவை செய்தேன். வேலையிடத்தில் ஒரு மூதாட்டியின் உடுப்புகளில் வேறொருவரின் பெயர்ப்பட்டையைத் தைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார், மன்னிப்புக் கேட்டு அவிழ்த்துத் தைத்தேன். தர்ஷினியின் பக்கத்தை ஒவ்வொரு இடைவேளையிலும் திறந்து பார்த்தேன். திறந்தது. தடுக்கவில்லை என்று அர்த்தம், அல்லது இன்னும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். இடையில் கோவிலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, “மகள் இப்ப எத்தனையாம் வருஷம் படிக்கிறா?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். பரீட்சை நேரம் என்ற அந்த வாக்கியம் வரவில்லை. “அவ படிக்கல. எங்க இருக்கான்னு எங்களுக்குச் சொல்ல விருப்பமில்ல” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிதாக எதுவும் இடிந்து விழவில்லை.

ஏழாம் நாள் மாலை பதில் வந்தது. வழக்கமாக ஜேர்மனில் எழுதுகிறவள், முழுதும் தமிழில் எழுதியிருந்தாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த யாழ்ப்பாணத் தமிழும் எங்கள் வீட்டுத் தமிழும் கலந்து.

‘வாசிச்சேன். அங்க இனி வந்து நிக்க வேண்டாம். வரச் சொல்லணும் எண்டா நான் சொல்லுவேன். ஒன்பது நாளைப் பற்றி எழுதினதுக்கு என்னட்ட பதில் இல்ல. மெலியல. முடி வெட்டியிருக்கேன்.’

பல தடவை வாசித்தேன். பிறகுதான் மேலே பார்த்தேன். மூன்று பேர் இருக்கும் செய்திக்குப் பதில் எழுதினால், மூன்று பேரின் முகவரியும் தானாக வந்து நிற்கும். வேண்டாம் என்றால் நாமே அழிக்க வேண்டும். குமாரின் முகவரி அதில் இல்லை. எனக்கு மட்டும் எழுதியிருந்தாள்.

சந்தோஷம் வந்ததா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அவ்வளவுதான்.

கணவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போன் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“என்ன போட்டிருக்கா?”

“முடி வெட்டியிருக்காளாம்.”

“எவ்வளவு? தோள் வரைக்குமா?”

“தெரியலங்க” என்றேன். “தொப்பி போட்டிருந்தா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கத்தியை வைத்தார். கையைத் துடைத்தார். கோபப்படுவார் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, மூடி, மறுபடி கையைத் துடைத்தார்.

“ட்ராமுக்கு வந்தாளா, பஸ்ஸுக்கா?”

“ட்ராமுக்கு.”

“நடந்தா, ஓடியா?”

“ஓடித்தான் வந்தா. கதவு மூடப் பாத்துச்சு. ஓடி வந்து ஏறிட்டா.”

அவர் வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார். உரிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

“ஓட முடியுதுல்ல” என்றார்.